பனிச்சறுக்குப் பிணைப்பி

பனிச்சறுக்குப் பிணைப்பி என்பது பனிச்சறுக்கில் ஈடுபடுபவரின் காலணியைச் சறுக்குப் பலகையுடன் இணைக்கும் பொறியமைப்பு ஆகும். பொது வழக்கில் இது பைண்டிங் என்றே அழைக்கப்படுகின்றது. இதற்கு ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு பணிகள் உள்ளன. சறுக்கும்போது காலணியைப் பலகையோடு அசையாமல் பற்றியிருக்க வேண்டும். விழும்போது கால் எலும்பு முறியும் முன்னர் காலணியை விடுவித்துவிட வேண்டும். பிடி தளர்வாக இருந்தால் வேகமாகச் செல்லும் நடுவில் பலகை கழன்று போகும். இறுக்கமாக இருந்தால் பலகை ஒரு நெம்புகோலாக மாறிக் காலை முறுக்கும். எத்தகைய பிணைப்பியைத் தெரிவு செய்வது, அதை எப்படிப் பொருத்துவது என்னும் கேள்விகள் யாவும் இந்த இரண்டுக்கும் இடையே எங்கே நிற்பது என்பதைப் பற்றியவையே.

வரலாறு

தொடக்ககாலச் சறுக்குப் பலகைகளில் கால்விரல்களை நுழைக்கும் ஒரு தோல்வார் மட்டுமே இருந்தது. நோர்வேயின் டெலிமார்க் பகுதியைச் சேர்ந்த சோன்ட்ரே நூர்ஹைம் 19ஆம் நூற்றாண்டில், முறுக்கிய மரவேர்களாலும் மெல்லிய கிளைகளாலும் ஆன பட்டையைக் குதிகாலைச் சுற்றிக் கட்டிப் பயன்படுத்தினார். இதனால் பலகையைக் காலால் திருப்பவும், தாவிக் குதிக்கவும் முடிந்தது. 1927இல் நோர்வேயைச் சேர்ந்த பிரூர் வித் உருவாக்கிய பிணைப்பி காலணியின் முன்விளிம்பை மட்டும் கவ்விப் பிடித்தது. ரொட்டெஃபெல்லா என்னும் அதன் பெயருக்கு எலிப்பொறி என்பது பொருள். அப்பெயரிலேயே தோன்றிய நிறுவனம் இன்றும் பிணைப்பிகளைத் தயாரித்து வருகின்றது.

1929ஆம் ஆண்டளவில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த கைடோ ரோஜ், குதிகாலைக் கம்பிவடத்தால் இழுத்துப் பிடிக்கும் பிணைப்பியை உருவாக்கினார். இது கந்தகார் பிணைப்பி எனப்பட்டது. ஆப்கானிய நகரொன்றின் பெயர் ஆல்ப்ஸ் மலைக்குச் சென்ற வழி சற்று விந்தையானது. 1880இல் காபூலில் இருந்து கந்தகாருக்குப் படை நடத்திச் சென்ற பிரெடரிக் ராபர்ட்ஸ், பின்னர் 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்தார். கந்தகார் என்னும் ஊர்ப்பெயர் அவரது பட்டத்திலும் இடம்பெற்றது. 1911இல் சுவிட்சர்லாந்தில் நடைபெற்ற சரிவுச் சறுக்குப் போட்டிக்கு அவர் பெயரால் கோப்பை வழங்கப்பட்டது. அதன் வழியே 1924இல் தொடங்கப்பட்ட சறுக்குக் கழகத்துக்கும், பிறகு இப்பிணைப்பிக்கும் அப்பெயர் வந்து சேர்ந்தது.

கந்தகார் பிணைப்பி குதிகாலைப் பலகையோடு அழுத்திப் பிடித்ததால் செங்குத்தான சரிவுகளில் வேகமாகத் திரும்ப முடிந்தது. ஆனால் விழும்போது அது காலை விடவில்லை. கால் முறிவு இவ்விளையாட்டின் வழமையான விபத்தாகவே கருதப்பட்டது. அமெரிக்காவில் குடியேறிய நோர்வேயரான யால்மர் வாம் 1937இல் தாமே கால் முறிந்து மருத்துவமனையில் இருந்தபோது, தானாக விடுவிக்கும் முன்பிடி ஒன்றை வடிவமைத்தார். 1950களின் தொடக்கத்தில் பிரான்சில் ஜான் பெயில் உருவாக்கிய லுக் நெவாடா பிணைப்பியும், ஜெர்மனியில் ஹான்னெஸ் மார்க்கர் உருவாக்கிய பிணைப்பியும் இக்கருத்தைப் பரவலாக்கின.

இயங்கும் முறை

இன்றைய சரிவுச் சறுக்குப் பிணைப்பியில் முன்பிடி, பின்பிடி என இரண்டு பகுதிகள் உள்ளன. முன்பிடி காலணியின் முன்விளிம்பைப் பற்றுகின்றது. கால் முறுக்கப்படும்போது அது பக்கவாட்டில் திறக்கின்றது. பின்பிடி குதிகாலைக் கீழ்நோக்கி அழுத்துகின்றது. உடல் முன்னோக்கி விழும்போது அது மேல்நோக்கித் திறக்கின்றது. இரண்டிலும் சுருள்வில் ஒன்று உள்ளது. அதன் இறுக்கத்தைத் திருகாணி ஒன்றின் மூலம் கூட்டவோ குறைக்கவோ இயலும்.

விசை தாக்கிய உடனே பிணைப்பி திறந்துவிடுவதில்லை. காலணி சில மில்லிமீட்டர் விலகி, விசை நீங்கியதும் மீண்டும் நடுவுக்கு வர இடம் உண்டு. இப்பண்பு மீள்தன்மை எனப்படும். பனிக்கட்டி மேட்டில் பலகை ஒருமுறை அதிர்வது காலை முறிக்கும் விசையன்று. அது கணநேரத்தில் மறைந்துவிடும். மீள்தன்மை மிகுந்த பிணைப்பி அத்தகைய அதிர்வை விழுங்கிக்கொள்ளும். மீள்தன்மை குறைந்தது தேவையின்றித் திறந்துகொள்ளும். விலை மிகுந்த பிணைப்பிகளுக்கும் குறைந்தவற்றுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு பெரும்பாலும் இதுவே. எனினும் கடைகளில் அதிகம் பேசப்படுவது இறுக்க எண்ணைப் பற்றித்தான்.

கழன்ற பலகை சரிவில் தனியே ஓடிப் பிறரைத் தாக்கக்கூடும். இதைத் தவிர்க்க முன்பு பலகையை வாரினால் காலோடு கட்டினர். ஆனால் விழுபவரையே அது சுழன்று வந்து வெட்டியது. எனவே 1970களில் இருந்து, காலணி விலகியதும் கீழ்நோக்கி விரிந்து பனியில் ஊன்றும் இரு கம்பிகள் பிணைப்பியிலேயே அமைக்கப்படலாயின. இவை பிரேக் எனப்படுகின்றன.

விடுப்பு எண்

சுருள்வில்லின் இறுக்கத்தைக் குறிக்கும் எண் டின் எண் என்று அழைக்கப்படுகின்றது. ஜெர்மானியத் தர நிறுவனத்தின் பெயர்ச்சுருக்கமே டின். இவ்வெண் சறுக்குபவரின் எடை, உயரம், வயது, காலணி அடிப்பகுதியின் நீளம், அவர் சறுக்கும் பாங்கு ஆகிய ஐந்தையும் கொண்டு அட்டவணையில் இருந்து பெறப்படுகின்றது.

எடையும் உயரமும் அட்டவணையில் ஒரு வரிசையைக் காட்டும். இரண்டும் வெவ்வேறு வரிசைகளைக் காட்டினால், இறுக்கம் குறைந்த மேல்வரிசையே கொள்ளப்படும். எடுத்துக்காட்டாக, 172 செ.மீ. உயரமும் 60 கிலோகிராம் எடையும் கொண்ட ஒருவர் உயரத்தின்படி 167 முதல் 178 செ.மீ. வரையான வரிசையில் வருவார். எடையின்படி 58 முதல் 66 கிலோகிராம் வரையான வரிசையில் வருவார். பின்னது ஒரு படி மேலே இருப்பதால் அதுவே அவருக்குரியது. எச்சரிக்கையாக, மெதுவாகச் சறுக்குபவர் அவ்வரிசையிலேயே நிற்பார். நடுத்தரமானவர் ஒரு வரிசை கீழே இறங்குவார். வேகமாக, செங்குத்தான சரிவுகளில் செல்பவர் இரண்டு வரிசைகள் இறங்குவார். 9 வயதுக்கு மேற்படாதவர்களும் 50 வயதை எட்டியவர்களும் ஒரு வரிசை மேலேற வேண்டும்.

இவ்வாறு கிடைத்த வரிசையில் காலணி அடிப்பகுதியின் நீளத்துக்கு நேரே உள்ள எண்ணே விடுப்பு எண். நீளம் கூடக்கூட எண் குறைவதைக் காணலாம். இதற்குக் காரணம் எளிய இயற்பியலாகும். முறுக்குவிசை என்பது விசையையும் நெம்புகையின் நீளத்தையும் பெருக்கி வருவது. நீண்ட காலணியில் நெம்புகை நீளமானது. ஆகவே எலும்பைத் தாக்கும் அதே முறுக்குவிசைக்கு முன்பிடியில் குறைந்த விசையே போதும். புதிய காலணி வாங்கியவர் பழைய எண்ணையே வைத்துக்கொள்வது சரியாகாது என்பதும் இதனாலேயே.

சறுக்கும் பாங்கு என்பது ஒருவரின் தற்பெருமைக்கு விடப்பட்ட இடமாகிவிடுவதுண்டு. இரண்டு நாள் பழகியவர் தம்மைத் தேர்ந்தவர் என்று சொல்லிக்கொண்டால், அதன் விளைவை அவரது எலும்பே தாங்க வேண்டியிருக்கும். மெதுவாக விழும்போது பலகை காலைச் சிறிது சிறிதாக முறுக்கும்; அவ்வேளையில் இறுக்கமான பிணைப்பி திறப்பதில்லை. தொடக்கநிலையினர் பெரும்பாலும் விழுவது இவ்வாறுதான்.

சறுக்கும் முறைக்கேற்ற தெரிவு

சீர்செய்யப்பட்ட சரிவுகளில் பொழுதுபோக்காகச் சறுக்குபவருக்கு, ஏறத்தாழ 3 முதல் 10 அல்லது 11 வரை எண் கொண்ட பிணைப்பி போதுமானது. தமக்குரிய எண் பிணைப்பியின் எண்வரம்பில் நடுப்பகுதியில் அமையுமாறு தெரிவு செய்வது நன்று. வரம்பின் இரு முனைகளிலும் சுருள்வில்லைச் சரிசெய்ய இடம் இராது. 6 முதல் 16 வரை உள்ள பிணைப்பியை 6இல் வைத்துப் பயன்படுத்துவதால் எவ்விதப் பயனும் இல்லை. எடை மட்டுமே கூடும். சிறுவருக்கான பிணைப்பிகள் 1க்கும் குறைவான எண்ணில் இருந்து தொடங்குகின்றன. பிள்ளை வளர்வான் என்று பெரியவர்களுக்கான பிணைப்பியை வாங்கிப் பொருத்துவது ஆபத்தானது.

போட்டியாளர்களின் நிலை வேறு. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் செல்லும் இறக்கப் போட்டியில் பலகை தானாகக் கழல்வது, கழலாமல் இருப்பதைவிடப் பெரிய ஆபத்தாகும். எனவே அவர்கள் மிக உயர்ந்த எண்களில், உயர்த்திய தகட்டின் மேல் பொருத்திய பிணைப்பிகளைப் பயன்படுத்துகின்றனர். தாவிச் சுழலும் வித்தைச் சறுக்கில் ஈடுபடுவோருக்கு எண்ணைவிட மீள்தன்மையே முக்கியம். பின்னோக்கியும் தரையிறங்க வேண்டியிருப்பதால் அவர்கள் பிணைப்பியைப் பலகையின் நடுப்பகுதிக்கு நெருக்கமாகப் பொருத்துகின்றனர்.

மலையேறிச் சறுக்குபவருக்கு, ஏறும்போது குதிகால் தூக்கப்பட வேண்டும். இறங்கும்போது பூட்டப்பட வேண்டும். 1980களில் ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஃபிரிட்ஸ் பார்த்தெல் இதற்கென ஊசிமுனைப் பிணைப்பியை உருவாக்கினார். முன்பிடியின் இரு உலோக முனைகள் காலணியின் இருபுறமும் உள்ள சிறு குழிகளில் நுழைந்து பற்றுகின்றன. இவ்வகையில் மிக இலேசானவை ஒவ்வொன்றும் 200 கிராமுக்கும் குறைவு. சரிவுச் சறுக்குப் பிணைப்பியோ ஒரு கிலோகிராம் அளவுக்கு வரும். ஆயிரம் மீட்டர் உயரத்தை நடந்தே ஏறுபவருக்கு இவ்வேறுபாடு பெரிது. ஆனால் மீள்தன்மை குறைவு. ஏறும்போது முன்பிடியைப் பூட்டும் நெம்பை இறங்குமுன் விடுவிக்க மறந்தால் பிணைப்பி பக்கவாட்டில் திறக்காது. பனிச்சரிவில் அகப்பட்டவரின் கால்களில் பலகைகள் கழலாமல் இருந்தால், அவை நங்கூரம் போல் அவரைக் கீழே இழுக்கும். ஏறும்போது ஊசிமுனையும், இறங்கும்போது வழமையான பிடியுமாக மாறும் கலப்பு வகைகள் 2018ஆம் ஆண்டுக்குப் பின் பரவலாகியுள்ளன.

சமவெளிச் சறுக்கில் காலணியின் முன்முனை மட்டும் ஓர் அச்சில் இணைக்கப்படுகின்றது. குதிகால் எப்போதும் விடுபட்டே இருக்கும். விடுவிக்கும் பொறி இதில் கிடையாது. வேகமும் எடையும் குறைவு என்பதே காரணம். அச்சுக்கு முன்னால் உள்ள ரப்பர்த் துண்டு, மரபுவழி நடைக்கு மென்மையாகவும், பக்கவாட்டில் உந்திச் செல்லும் முறைக்குக் கடினமாகவும் இருக்கும். தட்டின் மேல் நகர்த்தக்கூடிய வகையில், மரபுவழி நடைக்குப் பிணைப்பியைச் சிறிது முன்னே நகர்த்தினால் உந்தும்போது பிடிப்புக் கூடும். பின்னே நகர்த்தினால் வழுக்கிச் செல்வது எளிதாகும். நோர்வே, கனடா போன்ற நாடுகளுக்குப் புலம்பெயர்ந்த தமிழரின் பிள்ளைகள் பலர் பள்ளியில் முதன்முதலில் அணிவது இவ்வகையையே.

காலணிப் பொருத்தம்

பிணைப்பியும் காலணியும் ஒரே தரத்தைச் சார்ந்தவையாக இருக்க வேண்டும். சரிவுச் சறுக்குக் காலணியின் தட்டையான, கடினமான அடிப்பகுதி ஐ.எஸ்.ஓ. 5355 தரத்தையும், மலையேற்றச் சறுக்குக் காலணியின் வளைந்த, ரப்பர் அடிப்பகுதி ஐ.எஸ்.ஓ. 9523 தரத்தையும் சேர்ந்தவை. நடப்பதற்கு எளிதான கிரிப்வாக் அடிப்பகுதிக்கு ஐ.எஸ்.ஓ. 23223 என்னும் தரம் உள்ளது. இவற்றை மாற்றிப் போட்டாலும் காலணி பல வேளைகளில் சொடுக்கென்று உள்ளே அமர்ந்துவிடும். அதுவே சிக்கல். அமர்வது வேறு, விடுவிப்பது வேறு. ரப்பர் அடிப்பகுதி முன்பிடியின் கீழுள்ள வழுக்குத் தட்டில் உராய்ந்து நின்றால், சுருள்வில் சரியான எண்ணில் இருந்தும் காலணி பக்கவாட்டில் நகராது.

பொருத்துதல்

பலகையின் மேற்புறத்தில் ஒரு நடுக்குறியும், காலணியின் பக்கத்தில் ஒரு நடுக்குறியும் இடப்பட்டிருக்கும். இரண்டும் நேர்படுமாறு பிணைப்பி அமைக்கப்படுகின்றது. துளைகளின் இடத்தைக் காட்டும் சட்டகம் ஒவ்வொரு வகைப் பிணைப்பிக்கும் தனித்தனியே உண்டு. துளையின் விட்டமும் ஆழமும் பலகையிலேயே அச்சிடப்பட்டிருக்கும். உலோக ஏடு கொண்ட பலகைகளுக்கு 4.1 மி.மீ. விட்டமும், மற்றவற்றுக்கு அதைவிடச் சிறியதும் வழக்கம். ஆழம் ஏறத்தாழ 9 மி.மீ. மட்டுமே. சற்றே மிகுந்தால் துளை பலகையின் அடிப்புறத்தைத் துளைத்துவிடும் என்பதால், துளைக்கருவியின் அலகில் நிறுத்துவளையம் மாட்டப்படுகின்றது. நீர் புகாதிருக்கத் துளையில் பசை இட்டுத் திருகாணி முடுக்கப்படும். இத்திருகாணிகளின் தலை போசிட்ரைவ் வகையைச் சார்ந்தது. வீட்டில் உள்ள சாதாரண நட்சத்திரத் திருப்புளி அதில் சரியாகப் பொருந்தாமல் தலையைத் தேய்த்துவிடும். பழைய துளைகளை அடைத்துவிட்டு மறுபடி பொருத்துவதானால், புதிய துளைகள் அவற்றில் இருந்து ஏறத்தாழ 1 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும்.

பிரேக்கின் அகலம் பலகையின் இடைப்பகுதியைவிடச் சிறிதே கூடுதலாக இருக்க வேண்டும். குறுகலாக இருந்தால் கம்பி கீழே விரியாது. 15 மி.மீ.க்கு மேல் அகன்றால் சாய்ந்து திரும்பும்போது பனியிலோ மற்றப் பலகையிலோ சிக்கும்.

பலரும் கவனிக்காமல் விடுவது முன்னழுத்தமாகும். பலகை வளையும்போது முன்பிடிக்கும் பின்பிடிக்கும் இடையிலான தூரம் குறைகின்றது. இதற்கு இடங்கொடுக்கப் பின்பிடி ஒரு தண்டவாளத்தின் மேல் சுருள்வில்லோடு நகருமாறு அமைக்கப்பட்டுள்ளது. காலணியை மாட்டிய நிலையில் இந்த அழுத்தம் உரிய அளவில் உள்ளதா என்பதைப் பின்பிடியில் உள்ள குறி காட்டும். அழுத்தம் குறைந்தால் காலணி தேவையின்றிக் கழலும். மிகுந்தால் முன்பிடி திறக்கத் தாமதமாகும். பலகை அடிக்கடி கழல்கின்றது என்று எண்ணைக் கூட்டிக்கொண்டே போவோர் பலருக்கு, உண்மையில் தவறாக இருப்பது முன்னழுத்தமே. காலணியின் அடியில் ஒட்டிய பனிக்கட்டியும் இதே விளைவைத் தரும்.

பொருத்தி முடித்தபின், முறுக்குவிசை அளக்கும் கருவியால் பிணைப்பி உண்மையில் எந்த விசையில் திறக்கின்றது என்று சோதிப்பதே முறை. இதற்கான வழிகாட்டுதல் ஐ.எஸ்.ஓ. 11088 தரத்தில் உள்ளது. சுருள்வில் தளரும், மசகு உலரும், வழுக்குத் தட்டு தேயும். எனவே பருவத்துக்கு ஒருமுறை சோதனை பரிந்துரைக்கப்படுகின்றது. மிகப் பழைய பிணைப்பிகளைச் சரிசெய்யப் பட்டறைகள் மறுப்பதுண்டு. அவற்றுக்கான பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் விலக்கிக்கொண்டிருப்பதே இதற்குக் காரணம்.

காக்க இயலாதவை

1972 முதல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் உள்ள சுகர்புஷ் சறுக்குத்தலத்தில் கார்ல் எட்லிங்கர், ராபர்ட் ஜான்சன், ஜாஸ்பர் ஷீலி ஆகியோர் காயங்களைத் தொடர்ந்து பதிவு செய்தனர். பிணைப்பிகள் மேம்பட மேம்படக் கீழ்க்கால் எலும்பு முறிவு பெருமளவு குறைந்தது. ஆனால் முழங்காலின் முன்குறுக்குத் தசைநார் கிழிதல் அவ்வாறு குறையவில்லை. 1980களில் அது கூடியது. பின்னோக்கி விழுபவரின் பலகையின் வால்பகுதி பனியைக் கவ்வி முழங்காலைத் திருகும்போது, அவ்விசை பிணைப்பி உணரக்கூடிய திசையிலும் அளவிலும் அமைவதில்லை. எண்ணைக் குறைத்து வைப்பதால் முழங்கால் காக்கப்படும் என்னும் நம்பிக்கைக்கு ஆதாரம் குறைவு.

இந்தியாவில்

இந்தியாவில் பனிச்சறுக்குக்குப் பெயர்பெற்றவை காஷ்மீரின் குல்மார்க், உத்தராகண்டின் அவுலி ஆகியனவாகும். குல்மார்க்கில் ஆங்கிலேயர்கள் 1927இல் சறுக்குக் கழகம் ஒன்றைத் தொடங்கினர். 1964 இன்சுபுரூக் குளிர்கால ஒலிம்பிக்கில் ஜெரமி புஜாகோவ்ஸ்கி சரிவுச் சறுக்கில் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்டார். குல்மார்க் பகுதியைச் சேர்ந்த ஆரிஃப் கான் 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் பெருவளைவுச் சறுக்குப் போட்டியில் 45ஆம் இடம் பெற்றார். குல்மார்க் கம்பிவட ஊர்தியின் முதற்கட்டம் 1998இலும், அபர்வத் மலையின் ஏறத்தாழ 3,980 மீட்டர் உயரம் வரை செல்லும் இரண்டாம் கட்டம் 2005இலும் திறக்கப்பட்டன. மேலேயுள்ள சரிவுகள் பெரும்பாலும் சீர்செய்யப்படாதவை. 2023 பெப்ரவரி 1 அன்று அங்கு ஏற்பட்ட பனிச்சரிவில் போலந்து நாட்டவர் இருவர் உயிரிழந்தனர். கீழேயுள்ள தொடக்கநிலைச் சரிவில் பயன்படும் பிணைப்பியும், மேலே பயன்படும் பிணைப்பியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

தென்னிந்தியாவில் இருந்து செல்வோர் பெரும்பாலும் பலகையையும் காலணியையும் வாடகைக்கே எடுக்கின்றனர். வாடகைப் பலகைகளில் முன்பிடியும் பின்பிடியும் தண்டவாளத்தில் நகரும் வகையில் இருப்பதுண்டு. ஒரே பலகை காலையில் ஒருவருக்கும் மாலையில் மற்றொருவருக்கும் செல்கின்றது. ஆகவே காலணியின் அளவைப் பார்த்து நீளத்தைச் சரிசெய்வதோடு, எடை, உயரம், வயது ஆகியவற்றைச் சொல்லி எண்ணையும் மாற்றச் செய்ய வேண்டும். முன்பிடி, பின்பிடி இரண்டிலும், இரு பலகைகளிலும் எண் ஒன்றாக இருக்கின்றதா என்பதை எண்சாளரத்தில் எவரும் பார்த்துக்கொள்ளலாம். காலணியை மாட்டியபின் முன்னழுத்தக் குறியையும், பிரேக் கம்பிகள் தங்குதடையின்றி விரிவதையும் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். நண்பர்கள் சரிவின் நடுவில் பலகைகளை மாற்றிக்கொள்வது வழக்கமாக உள்ளது. 50 கிலோகிராம் எடையுள்ளவர் 80 கிலோகிராம் எடையுள்ளவரின் பலகையை அணிந்தால், விழும்போது அது அவரை விடுவிக்காமல் போகலாம்.